பெயருக்கு அடியில்

'க'வின் வயிற்றுக்குள் இருக்கும் ஸ்டிக்கர் துண்டைக் கல்பனா பிளேடு முனையால் கிளப்பி எடுத்து, தன் இடது முன்கையில் ஒட்டிக்கொள்கிறார். அடுத்து 'ண'வின் சுழிகளுக்குள் இருக்கும் பொட்டுகள். அவையும் கைக்கே போகின்றன. வெட்டும் இயந்திரம் எழுத்தின் ஓரத்தை மட்டும் வெட்டிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் வேண்டாததை ஆள்தான் பொறுக்க வேண்டும். பொறுக்கியதைத் தரையில் போட்டால் வாடிக்கையாளர் செருப்போடு போய்விடும். மேசையில் போட்டால் அடுத்த ஸ்டிக்கரின் முதுகில் ஏறிக்கொள்ளும். அதனால்தான் கை. காலையில் வெறுங்கையோடு கடை திறக்கிறவர், மாலையில் சிவப்பும் மஞ்சளும் தங்க நிறமுமாகப் பளபளக்கும் கையோடு வீட்டுக்குப் போகிறார். ஊரில் உள்ள பெயர்களின் ஓட்டைகள் எல்லாம் அந்தக் கையில்தான் இருக்கின்றன.

"'ட' நல்ல பய சார். அவனால ஒரு சோலியும் கெடையாது. இந்த 'ண' இருக்கான் பாருங்க, உசுர வாங்கிருவான்" என்பார். எழுத்துகள் எல்லாம் அவருக்குப் பயல்கள்தான்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ரேடியம் ஸ்டிக்கர் கடை. வண்டி எண், மட்கார்டுக்கு மின்னல் கோடு, நாய் வளர்ப்பவர்களுக்கு நாய்ப் படம். கணவர் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். கடை முழுக்கக் கல்பனாவின் ராஜ்யம். ஸ்டிக்கரைத் தேய்த்து ஒட்டுவதற்குக் காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்று வைத்திருக்கிறார். "உள்ள காசு இருந்தப்பக்கூட இம்புட்டு ஒழைக்கல" என்று அதற்கு ஒரு பாராட்டு. வண்டியில் சாதிப் பெயர் வெட்டி ஒட்டச் சொல்லி யாராவது வந்தால் கோபப்பட மாட்டார். மெஷின் ரிப்பேர் என்பார். மெஷின் அவர் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். வந்தவர் மெஷினைப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார், போய்விடுவார். எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அந்த ரிப்பேர்தான்.

கடையின் வருமானத்தில் பாதி 'உபயம்' என்ற சொல்லில் இருந்து வருகிறது. கோவிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுப்பவர் அதை நேரே கோவிலுக்குக் கொண்டுபோவதில்லை. இங்கே வந்து, தன் பெயர், தகப்பனார் பெயர், கடைப் பெயர், கைபேசி எண் அத்தனையும் ஒட்டிக்கொண்டு போகிறார். நாலடி விளக்கில் மூன்றடிக்குப் பெயர். மிச்சம் இருக்கிற ஓரடி வெளிச்சத்தில் கடவுள் சமாளித்துக்கொள்கிறார். ஆடிப்பூரத் தேர் வரும் மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தெல்லாம் விளக்குகளைப் பஸ்ஸில் மடியில் கிடத்திக் கொண்டுவருவார்கள். விளக்கு, கடிகாரம், குடிநீர் டிரம், இரும்பு பெஞ்சு, மின்விசிறி. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர். சுற்றினால் ஒருவராலும் வாசிக்க முடியாது. வாசிக்க வேண்டுமென்றால் காற்றை நிறுத்த வேண்டும். இதை எத்தனையோ உபயதாரர்களிடம் நான் வாதிட்டுத் தோற்றிருக்கிறேன். கல்பனா வாதிடுவதே இல்லை. கடையின் மேலே ஓடும் விசிறியைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். வந்தவர் அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்ப்பார். பிறகு கல்பனா சுவிட்சை அணைப்பார். விசிறி நிதானமாக நிற்கும். மூன்று இறக்கையிலும் 'கல்பனா'.

"பாத்தீகளா, நின்னாத்தான் பேரு. சுத்துனா வெறும் காத்து. இந்தப் பேன் வாங்குற காசுக்கு ஒரு பொம்பளைக்கு ஒரு வருசம் ஆஸ்பத்திரி இன்சூரன்சு கட்டலாம். பேனா, பொம்பளையா, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு சதுரக் கட்டம் காத்திருக்கிறது. கல்பனாவே வெட்டிச் சுவரில் ஒட்டியது. கைபேசியை அதன் முன்னால் காட்டினால் பணம் மதுரையில் உள்ள ஓர் அறக்கட்டளைக்குப் போகும். அவர்கள் பெண்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்து, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை அனுப்புவார்கள். காசு தன் கையில் படக் கூடாது என்பதில் கல்பனா கறார். அந்தக் கையில்தான் ஏற்கெனவே இடமில்லையே.

இது தொடங்கியது ஓர் ஐஸ் பெட்டியில். இறந்தவர்களைக் கிடத்தும் குளிர்பெட்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சங்கத்தார் ஊருக்குப் பொதுவாக ஒன்று வாங்கி, ஏழு பேர் பெயர் ஒட்டக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி மூடியில் தங்க எழுத்தில் ஒட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்தப் பெட்டி அவர் தெருவுக்கே வந்தது. உள்ளே, அவருக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த பெண். ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு ஆகுமோ என்று ஒரு வாரம் காய்ச்சலை வீட்டிலேயே வைத்திருந்தவர். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். கல்பனா அந்த ஏழு பெயரையும் வாசித்துக்கொண்டு நின்றார். "செத்தவளுக்குப் பெட்டி வாங்க ஏழு பேரு இருக்கான். அதுல ஒருத்தன் ஒரு வாரம் முன்னால வந்திருக்கலாம்ல" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அந்தப் பெண் செய்துவந்த வேலையைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற துணி எதற்கென்று இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பேண்டேஜ் துணி. நாட்டில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் காயத்தின் மேல் அது போய்ப் படுக்கிறது. அதை மடித்து, சுருட்டி, கட்டுப் போட்டுத் தருபவர்கள் வீட்டில் இருந்தபடி உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள். அவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் காகிதத்தில் கிடையாது. ஆகவே இ.எஸ்.ஐ. கிடையாது. தேசத்தின் காயத்தை எல்லாம் கட்டுகிறவர்களுக்குக் காயம் பட்டால் கட்டுவதற்கு ஆள் இல்லை. அரசுக் காப்பீடு இருக்கிறதே என்று நானும் கேட்டேன். இருக்கிறது. அதற்கு ரேஷன் அட்டையில் பெயர் வேண்டும், வருமானச் சான்று வேண்டும். கணவனைப் பிரிந்து பதினைந்து வருடமாகத் தனியே இருக்கிற பெண்ணின் பெயர் இன்னும் கணவன் வீட்டு அட்டையிலேயே தொங்கிக்கொண்டிருந்தால், அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

இதெல்லாம் தர்மமாகக் கொடுக்க வேண்டியது அல்ல, உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டியது என்று நான் ஒருநாள் கடையில் நின்று நெடுநேரம் பேசினேன். கல்பனா ஒரு புல்லட்டுக்குக் கோடு ஒட்டி முடிக்கும்வரை கேட்டார். "நீங்க சொல்றது அம்புட்டும் சரி சார். நீங்க போயி உரிமைய வாங்கிட்டு வாங்க. வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்" என்றார். நான் வாங்கிவரப் போயிருக்கிறேன். இன்னும் வந்து சேரவில்லை.

கொடுக்கிறவர்களைச் சம்மதிக்க வைப்பதைவிட வாங்குகிறவர்களைச் சம்மதிக்க வைப்பது சிரமம். காப்பீடு எடுத்தால் சீக்கு வரும் என்று சத்திரப்பட்டியில் பாதிப் பேர் நம்பினார்கள். நல்லாயிருக்கிறவளுக்கு ஆஸ்பத்திரி அட்டை கொடுப்பது வாசலில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பது மாதிரி என்று ஒருத்தி சொல்ல, கூட்டமே எழுந்துவிட்டது. கல்பனா அசரவில்லை. "ஏட்டி, கொடை வாங்கி வச்சதுனாலயா நம்ம ஊருல மழை பெய்யுது? அப்பிடின்னா ஆளுக்கொரு கொடை வாங்குங்கட்டி, பிளவக்கல் டேம் நெறைஞ்சிரும்" என்றார். சிரித்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களிடம் ஆதார் எண் வாங்கினார். மூடநம்பிக்கையை ஒழிக்க நான் எழுதிய கட்டுரைகளின் எடையை அந்த ஒரு குடை தூக்கிவிட்டது. முதல் வருடம் ஒன்பது பேர். இப்போது நூற்றுநாற்பதைத் தொடுகிறது.

கொடுப்பவர்களுக்குப் பெயர் வேண்டும். அதைக் கல்பனா தப்பென்று நினைப்பதில்லை. பெயரை விற்றுத்தான் அவருக்கே சோறு. அட்டையின் பின்பக்கம் சின்னதாக 'உபயம்' ஸ்டிக்கர் ஒன்று ஒட்டித் தருவார். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது, வேலுசாமியைத் தவிர.

வேலுசாமி ராஜபாளையத்தில் பெயிண்ட் கடையும் சேத்தூரில் தென்னந்தோப்பும் உள்ளவர். நல்ல மனிதர். பேசினால் எதிர்ச்சுவரில் இருக்கிற பல்லி நகர்ந்துவிடும். சென்ற ஆண்டு எடுத்த எடுப்பில் பன்னிரண்டு பெண்களுக்குக் கட்டிவிட்டு, அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, பொறத்தால ஒட்டுனா எவன் பாப்பான்? எம்பேரு என்ன பின்வாசல் வழியா வந்த பேரா?" என்று கேட்டார். கல்பனா பெரியதாகத் தங்க நிறத்தில் பன்னிரண்டு வெட்டிக் கொடுத்தார். சத்திரப்பட்டி சமுதாயக் கூடத்தில் விழா. வேலுசாமி ஒவ்வொருத்தர் அட்டையிலும் தன் கையால், போட்டோவுக்கு முகம் காட்டியபடி, முன்பக்கத்தில் எங்கே அகலமாக இடம் இருந்ததோ அங்கே ஒட்டினார். கைதட்டல். வடை, காபி. நானும் இரண்டு வடை தின்றேன், அட்டையைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் ஸ்கூட்டருக்குப் புது எண் ஒட்டக் கொடுத்திருந்தேன். கல்பனா 'டி.என்.' ஒட்டி முடித்து எண்ணில் கை வைக்கும்போது காளீஸ்வரி போனில் கூப்பிட்டாள். பேண்டேஜ் மடிக்கிற பெண்களில் ஒருத்தி. அவளுடைய அக்கா வெள்ளைத்தாய்க்கு விடியற்காலையில் இருந்து வயிற்றுவலி. அட்டை செல்லும் என்று சொல்லியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். குடல்வால் வீங்கிவிட்டது, வெடிப்பதற்குள் அறுக்க வேண்டும், இன்னொரு ஊருக்கு அலைய வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அட்டையை நீட்டினால், செல்லாது என்கிறார்கள். ஐம்பதாயிரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கைபேசியில் அவள் குரல் எனக்கும் கேட்டது. "யக்கா, கார்டுல வேலுசாமின்னு ஆம்பளைப் பேரு இருக்காம். ஒங்க அக்காவுக்கு வேலுசாமி என்ன வேணும்னு கேக்காக. நான் என்னத்தன்னு சொல்ல?"

கல்பனா பிளேடைக் கீழே வைத்தார். மதுரை அலுவலகத்துக்குப் போட்டார், ஞாயிறு, எடுக்கவில்லை. காப்பீட்டுக்காரர்களின் உதவி எண்ணுக்குப் போட்டார். எடுத்தார்கள். அட்டை எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள்.

"நம்பரு வேலுசாமிக்கு அடியிலல்ல இருக்கு" என்றார் கல்பனா, அவர்களிடம் இல்லை, என்னிடம். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "வண்டிய எடுங்க சார்."

எண் இல்லாத வண்டியில் எண்ணைத் தேடிப் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தவர் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். "பாத்தேன் சார். அவிய ஒட்டும்போதே பாத்தேன். நம்பர் மேல ஏறுதேன்னு தெரிஞ்சிச்சு. பன்னெண்டு பேருக்குக் கட்டுன ஆளுல்ல, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்ன செய்யன்னு வாயப் பொத்திக்கிட்டேன்." வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும் வேலுசாமிக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் காசு கட்டிய பெண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றதோடு சரி, அட்டை செல்லவில்லை என்பதைச் சொல்லவில்லை. அட்டை தோற்றுப்போனால் முன்பணம் கட்ட ஓர் ஆள் வேண்டுமே.

சட்டப்படி இந்த மாதிரி நேரத்தில் ஆஸ்பத்திரி முதலில் எடுக்க வேண்டியது கத்தியை, பேனாவை அல்ல. இதைச் சொல்வதற்கு வாயைத் தயார் செய்துகொண்டுதான் உள்ளே நுழைந்தேன். கல்பனா எனக்கு ஒரு பெஞ்சைக் காட்டி உட்கார வைத்துவிட்டார். வெள்ளைத்தாய் ஸ்ட்ரெச்சரில் முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலியிலும், "ஏத்தா, நாந்தான் வெள்ளைத்தாயின்னு ஆதாரக் காட்டியாச்சு, பொறவும் நம்ப மாட்டேங்காக" என்றார். காப்பீட்டு மேசையில் இருந்த சப்ரீன் கெட்ட பெண் இல்லை. "அக்கா, நம்பர் போடாம சிஸ்டம் என்னையவே உள்ள விடாது. பிச்சு எடுங்கன்னா இவுக வர மாட்டேங்குதுங்காக" என்று அட்டையை நீட்டினாள். காளீஸ்வரி நகத்தால் சுரண்டிய இடத்தில் தங்க நிறம் கொஞ்சம் சிராய்த்திருந்தது. வேலுசாமி அப்படியே இருந்தார்.

கல்பனா விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல காலம், இழுக்காம விட்டீக. அவசரப்பட்டு இழுத்தா நம்பரும் சேந்து வந்துரும். சூடு காட்டணும்." கடையில் அதற்கென்று தலைமுடி உலர்த்தும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்; அது ராஜபாளையத்தில் பூட்டிய ஷட்டருக்குள் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். கேண்டீனில் போய், "ஒரு டீ. கண்ணாடி வேண்டாம், சில்வர் டம்ளர். கொதிக்கக் கொதிக்க" என்றார்.

அட்டையை மேசையில் வைத்து, வேலுசாமியின் மேல் டீயை உட்கார வைத்தார். மனதுக்குள் எண்ணினார். தூக்கினார். மறுபடி வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அட்டைக்கு ஒத்தடம் கொடுப்பதை யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது முறை தூக்கியதும் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நூல் நூலாக உரித்தார். 'உபயம்' எழுந்தது. 'வே' எழுந்தது. அடியில் ஒரு பெண்ணின் பெயரில் பாதி தெரிந்தது. 'லு' எழுந்தது. எண்கள் வர ஆரம்பித்தன. கல்பனா வாசிக்க வாசிக்கச் சப்ரீன் தட்டினாள். நாலு. ஏழு. ரெண்டு. சைபர். காளீஸ்வரி கூடவே முணுமுணுத்தாள், ஏலம் கேட்பவள் மாதிரி. 'மி'யோடு கடைசி எண்ணின் மையில் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது.

"மூணா எட்டாக்கா?" என்றாள் சப்ரீன்.

கல்பனா அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். அந்த ஆஸ்பத்திரி டியூப்லைட்டில் யார் பெயரும் ஒட்டியிருக்கவில்லை. நன்றாகவே வெளிச்சம் இருந்தது. இருந்தும் தெரியவில்லை. மூணு போட்டார்கள். அப்படி ஒரு பதிவு இல்லை என்றது கம்ப்யூட்டர். வெள்ளைத்தாய் ஒரு முறை முனகினார். எட்டு போட்டார்கள். வட்டம் சுற்றியது, சுற்றியது. பிறகு திரையில் வந்தார்: வெள்ளைத்தாய், பெண், வயது ஐம்பத்திரண்டு.

காப்பீட்டுக்காரர்களுக்கு ஒரு தாள் போனது, அங்கிருந்து ஒரு தாள் வந்தது. நாற்பது நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கதவு மூடியபின் கல்பனா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டம்ளரில் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. பிறகு காளீஸ்வரியைக் கூப்பிட்டார். மற்ற பதினோரு பெண்களின் அட்டையையும் நாளைக்குக் காலையில் வாங்கி வைக்கச் சொன்னார். "ஒரு சொம்பு வெந்நியும் போட்டு வையி. நான் வாரேன். அதுவரைக்கும் ஒருத்தியும் நகத்த வைக்கக் கூடாது."

நான் அப்போதுதான் அவர் இடது கையைக் கவனித்தேன். உரித்ததைக் கீழே போடவில்லை, பழக்கம் விடவில்லை. காலையில் பொறுக்கிய ஓட்டைகளுக்கு நடுவே, முன்கையில் நீளமாக, கொஞ்சம் சுருங்கி, ஆனால் ஓர் எழுத்துகூடக் கிழியாமல், 'உபயம் வேலுசாமி' தங்க நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

பெயருக்கு உடையவர் வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் அரைக்கிலோ பால்கோவா. குடல்வால் ஆபரேஷன் ஆகிறவர் என்ன சாப்பிடுவார் என்பதை அவர் யோசிக்கவில்லை. வரும்போதே காளீஸ்வரி அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டதில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு பக்கத்துக்கு வார்த்தை தயாராக இருந்தது. விளக்கில் தொடங்கி, விசிறி வழியாக, அட்டையில் முடிகிற பேச்சு. நான் எழுந்தேன். கல்பனா என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தார்.

"என்னம்மா கல்பனா, எல்லாம் சரியாப் போச்சா?" என்றார் வேலுசாமி. "நம்ம கார்டுதான வேல பாத்துச்சு? பேரு தெரிஞ்சிச்சுல்ல?"

"தெரிஞ்சிச்சு அண்ணாச்சி. மொதல்ல ஒங்க பேரத்தான் பாத்தாக" என்றார் கல்பனா. முந்தானையை முன்னால் இழுத்து, இடது கையை முழங்கை வரைக்கும் மூடிக்கொண்டார்.